நடுவில் நிற்கும் முள்

மோட்டார் சைக்கிளின் பேட்டரி மின்சாரத்தைச் சேமித்து வைப்பதேயன்றி உற்பத்தி செய்வதில்லை என்பது யாவரும் அறிந்ததே எனினும், மாதவரம் வட்டாரத்தில் செல்ஃப் எடுக்காத வண்டி எதுவாயினும் அதற்கு முதலில் பரிந்துரைக்கப்படும் மருந்து புதிய பேட்டரியாகவே இருந்துவருகிறது. சம்பளம் வந்துசேராத வீட்டில் பணப்பெட்டியை மாற்றிப் பார்க்கும் சிகிச்சை இது.

இவ்விடத்திலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் வண்டிகளின் முகப்பு விளக்குக்கு மேல், பேட்டரிக்குள் மின்னோட்டம் செல்கிறதா, அதிலிருந்து வெளியேறுகிறதா என்பதைக் காட்டும் ஆம்மீட்டர் என்னும் சிறு கருவி பொருத்தப்பட்டிருந்தது. வண்டியைக் கிளப்பியதும் அதன் முள் கூட்டல் பக்கம் சாய்ந்து, இழந்த மின்சாரம் ஈடானபின் நடுவுக்குத் திரும்பும். அதுவே பூரண நலத்தின் அறிகுறியாயினும், காசு கொடுத்து வாங்கிய முள் சும்மா நிற்பதைப் பொறாத உரிமையாளர்கள் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பதுண்டு.

ஆம்மீட்டர் இல்லாத இக்கால வண்டிகளுக்கு மல்டிமீட்டரே கதி. சில மணி நேரம் ஓய்வெடுத்த 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சினை இயக்கி, நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளுக்கு மேல் முறுக்கினால் அது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயராவிடில் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி மிகையைத் தடுக்கும் ரெகுலேட்டர் தன் கடமையை மறந்துவிட்டது எனக் கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நின்றதா என்று பார்க்கும் வீரப் பரிசோதனையும் வழக்கில் உண்டு. வோல்டேஜ் திடீரென எகிறி மின்னணுப் பாகங்களைக் கருக்கிவிடக்கூடுமாதலால், இல்லாத கோளாற்றை உண்டாக்குவதில் அதற்கு நிகரில்லை.

2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய இரு சக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு எஞ்சின் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்க வேண்டுமென்பது விதி. ஆகவே 200 அடிச் சாலையில், துறைமுகம் நோக்கி ஊரும் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே நெடுநேரம் ஐடிலில் நிற்கும் வண்டிக்கு வரவு குறைந்து செலவு குறையாத நிலை ஏற்படுகிறது. ஹாரன் ஈனசுரத்தில் முனகுவதும் அத்தருணத்திலேயே. அதைக் கேட்டு எந்தக் கண்டெய்னரும் வழிவிட்டதாகத் தெரியவில்லை.

சார்ஜ் ஏறாத வண்டியில் அடுத்துப் பார்க்க வேண்டியது, எஞ்சினோடு சுழலும் காந்தத்தால் மின்சாரம் பெறும் ஸ்டேட்டர், அதாவது மெக்கானிக்குகள் கூறும் மேக்னட் காயில். பல வண்டிகளில் அதிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே வோல்டேஜ் வர வேண்டும். அளப்பதற்காக அந்த ஒயர்களை இணைக்கும் கப்ளரைப் பிரிக்கும்போதே அது உருகிக் கருகியிருப்பது தெரிந்துவிடுவதும் உண்டு. சில நூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய அந்தச் செலவை உரிமையாளர் கேட்டறியும் வேளையில், அவர் பையில் புதிய பேட்டரியின் வாரண்டி அட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும்.