இரண்டாம் கியர் பெரியப்பா

ஆட்டோமேட்டிக் கார் வந்த பிறகும் கியர் போடுவதை விடாத பெரியப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். எங்களுடையவருக்குக் கோயம்புத்தூர். மூட்டுவலிக்காக மகன் வாங்கிக் கொடுத்த வண்டி அது. கிளட்ச் கிடையாது. ஆனாலும் முதல் மாதம் முழுக்க அவருடைய இடது கால் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்தது. பின்சீட்டிலிருந்த பெரியம்மாவின் நெற்றிக்கும் முன்சீட்டுக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது.

கால் ஒருவழியாக அடங்கியது. கை அடங்கவில்லை. லிவரில் ‘டி’க்குக் கீழே ‘2’, ‘எல்’ என்று இரண்டு இருப்பதைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை. பெரியப்பாவுக்கு அது புதையல். சிக்னலைப் பார்த்தால் ‘2’, வேகத்தடை வந்தால் ‘எல்’. இன்ஜின் போடும் கூச்சலில் தெருநாய் எழுந்து வழிவிடும்.

“பிரேக்கை மிதிக்க ஆருக்கும் தெரியும் கண்ணு. வண்டிய வண்டியாலயே நிறுத்தோணும்!”

பிரேக் பேடு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், கியர்பாக்ஸ் தேய்ந்தால் வீட்டுப் பத்திரத்தை எடுக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். அன்றோடு பெரியப்பா மெக்கானிக்கை மாற்றினார்.

போன மே மாதம் குன்னூரிலிருந்து இறங்கினோம். மேட்டுப்பாளையம் போவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள், கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறக்கம். சாவி போடும் முன்பே பாடம் தொடங்கிவிட்டது.

“ஏறறப்ப எந்த கியரோ, எறங்கறப்பவும் அதே கியர். ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா இன்ஜினுக்குப் பெட்ரோல் நின்னுரும். அப்புறம் சக்கரந்தான் இன்ஜினைச் சுத்தோணும். கியர் கம்மியாக ஆக, சக்கரத்துக்குச் சுமை சாஸ்தி. அந்தச் சுமைதான் வண்டியப் புடிச்சு நிறுத்தும்.”

‘2’ போட்டார். வண்டி உறுமிக்கொண்டே, மூக்கணாங்கயிறு போட்ட காளை மாதிரி இறங்கியது. வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை லேசாகத் தொட்டு விட்டார். சும்மா சொல்லக் கூடாது, நெற்றிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

பர்லியாரில் பலாப்பழ வாசத்தையும் மீறி ஒரு கருகல் நாற்றம். ஓரமாக நின்ற காரின் முன்சக்கரத்தில் புகை. ஒரு பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தான். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடினார்.

“ஊத்தாதீங்க தம்பி! சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க் வளைஞ்சு போயிரும். கொஞ்ச நேரம் ஆறட்டும். ‘டி’யிலயேங்களா வந்தீங்க?”

“ஆமாங்க சார். ஆட்டோமேட்டிக்தானே, அதுவே பாத்துக்கும்னு...”

“அது மேல் கியருக்குப் போயிரும் தம்பி. அதுக்குக் கீழ இருக்கிற பள்ளம் தெரியுமா?”

அரை மணி நேரம் அந்தப் பையன் கைகட்டிப் பாடம் கேட்டான். அரசியல், வைத்தியம், ஜாதகம் என்று எதையும் நம்பிக்கேட்க ஆளில்லாமல் போன பெரியப்பாவுக்கு, வாழ்நாளில் முதல் சீடன்.

கல்லாறு தாண்டினோம். மேட்டுப்பாளையமும் தாண்டியது. சாலை பலகை மாதிரி நீண்டு கிடந்தது. இன்ஜின் மட்டும் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்து எங்களைக் கடந்து போனது.

“சத்தம் கேட்டியா கண்ணு? மலை எறங்குனதுல இன்ஜின் அப்படியே தெளிஞ்சுருச்சு!”

எதிரே மீட்டரில் ‘2’ எரிந்துகொண்டிருந்தது. சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காரமடை நெருங்கும்போது, பின்சீட்டில் கண்ணைத் திறக்காமலே பெரியம்மா சொன்னார்:

“ஏனுங்க, மலை எப்பவோ எறங்கியாச்சுங்க.”