டாக்டர் ராம்போ

தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்றதும் யார் ஞாபகத்துக்கு வருவார்? கெட்டிக் கண்ணாடி, ஜோல்னாப் பை, எதைக் கேட்டாலும் "அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது" என்று இழுக்கிற மனிதர். தைவானின் ஜூ காவ் ஜெங் அந்த ஜாதியில்லை. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் இமானுவேல் காண்ட்டைக் கரைத்துக் குடித்து 1985ல் பிஎச்.டி. வாங்கினார். ஊர் திரும்பி எம்.பி.யாகி, சபை மேசை மேல் ஏறி நின்றார். வெளிநாட்டு நிருபர்கள் அவருக்கு வைத்த பெயர் ராம்போ. காண்ட் தரப்பிலிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

அவசரப்பட்டு "ரவுடி" என்று முத்திரை குத்தாதீர்கள். அவர் போய்ச் சேர்ந்த சபை எப்படிப்பட்டது என்று தெரிந்தால், ஏறுவதற்கு நீங்களே ஸ்டூல் எடுத்துப் போடுவீர்கள்.

1948 தொடக்கத்தில் சீனாவில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்களுக்குப் பதவிக்காலம் மூன்று வருஷம். அடுத்த வருஷமே சியாங் கை ஷேக் நாட்டை மாவோவிடம் பறிகொடுத்துவிட்டு தைவானுக்கு வந்துவிட்டார். உறுப்பினர்கள் பலரும் பெட்டி படுக்கையோடு பின்னாலேயே வந்தார்கள். மூன்று வருஷம் முடிந்தது. மறுபடி தேர்தல் வைக்க வேண்டாமா? வைக்கலாம்தான். சீனாவில் இருக்கிற ஷான்டோங் தொகுதியில் தேர்தல் வைக்க முதலில் ஷான்டோங் கையில் இருக்க வேண்டுமே! புதியவர்கள் தேர்வாகும்வரை பழையவர்களே தொடரலாம் என்று 1954ல் அரசியல் சாசன நீதிபதிகள் விளக்கம் கொடுத்தார்கள். தொகுதிப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். தேர்தல் செலவு கிடையாது. சம்பளம் மட்டும் உண்டு. கட்சி ஆபீஸ் வாசலில் சீட்டுக்குக் காத்துக் கிடப்பவர்கள் இந்தப் பாராவை ரெண்டாம் தடவை படிக்க வேண்டாம், மனசு தாங்காது.

அதே 1954ல் தைவானின் யுன்லின் மாவட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தது. வளர்ந்தது. சட்டம் படித்தது. ஜெர்மனிக்குப் போய் டாக்டராகித் திரும்பியது. எதிர்க்கட்சியான ஜனநாயக முன்னேற்றக் கட்சியை ஆரம்பித்தவர்களில் ஒருவராகி, தைவானுக்கென்று கூடுதலாக ஒதுக்கிய இடங்களுக்கு 1986 டிசம்பரில் நடந்த தேர்தலில் ஜெயித்து சபைக்குள் நுழைந்தது. 1948ல் உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை!

சிலர் சக்கர நாற்காலியில் வந்தார்கள். ஜனங்கள் அந்தச் சபைக்குப் "பத்தாயிரம் வருஷ நாடாளுமன்றம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

நம் டாக்டர் பேச எழுந்தார். ஆட்சிமொழியான மாண்டரினை ஓரங்கட்டிவிட்டு, தைவான்காரர்கள் வீட்டில் பேசுகிற ஹொக்கியனில் ஆரம்பித்தார். பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சபையில் ஒரே கூச்சல். முப்பத்தெட்டு வருஷம் அந்தத் தீவில் சாப்பிட்டுத் தூங்கியும், காய்கறிக்காரர் பேசுவது காதில் ஏறவே இல்லை என்று அவர்களே எழுந்து நின்று வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆயிற்று.

ஓட்டெடுப்பு வைத்தால் எதிர்க்கட்சி தோற்கும். எதிரே இருக்கிற பெரும்பான்மையோ தேர்தலுக்குப் பயப்பட வேண்டாத பெரும்பான்மை. தர்க்கத்தால் அசைக்க முடியாதவர்களைத் தர்க்கம் படித்தவர் என்ன செய்வார்? மேசை மேல் ஏறினார். கைகலப்பில் இறங்கினார். மனிதருக்கு அதில் கொஞ்சம் ருசியும் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். கேமரா எதிரே இருக்கும்போது மேசையிலிருந்து இறங்க யாருக்கு மனசு வரும்?

கடைசியில் கிழவர்களைக் கிளப்பியது ராம்போ இல்லை. 1990 மார்ச்சில் மாற்றம் கேட்டு மாணவர்கள் சியாங் நினைவு மண்டப வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். அந்த ஜூனில், பழைய உறுப்பினர்கள் 1991 டிசம்பர் 31க்குள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அதே சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று வருஷப் பதவி நாற்பத்து மூன்று வருஷத்துக்கும் மேல் ஓடி முடிந்தது. ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் போனார்கள், பின்னே?

வில்லன் ரிட்டயர் ஆகிவிட்டால் ஹீரோவுக்கு என்ன வேலை? ஜூ அதற்குள் சொந்தக் கட்சியோடேயே மோதியிருந்தார். தைவான் தனிநாடு என்ற பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. 1990ல் வெளியேறி ஒரு கட்சி ஆரம்பித்தார், அது தேறவில்லை. 1993ல் அதைக் கொண்டுபோய்ப் 'புதிய கட்சி'யில் கரைத்தார். புதிய கட்சி யாருடையது என்கிறீர்கள்? ஆளுங்கட்சியிலிருந்து பிரிந்து வந்தவர்களுடையது. சீனப் பெருநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள்தான் அதன் ஓட்டு வங்கி. யாரை ஹொக்கியனில் வெளுத்து வாங்கினாரோ, அவர்கள் பிள்ளைகளிடமே ஓட்டுக் கேட்கப் போனார் மனிதர்! 1994ல் மாகாண கவர்னர் தேர்தலில் நின்றார். கிடைத்தது 4 சதவீதம் சொச்சம்.

அப்புறம் யீ ஜிங் என்ற பழைய சீன நூலில் மூழ்கி, அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். நடக்கப் போவதைக் கணிக்கப் பயன்படுத்துகிற நூல் அது. தேர்தலுக்கு முன்னால் ஒரு புரட்டு புரட்டியிருக்கலாம். 2021ல் காலமானபோதும் செய்திகளில் முன்னால் நின்றது காண்ட்டோ யீ ஜிங்கோ இல்லை, மேசைதான்.

காண்ட்டின் பிரபலமான விதி ஒன்று உண்டு: நீ செய்கிற காரியம் எல்லோருக்கும் பொதுவிதி ஆனால் பரவாயில்லையா என்று யோசித்துவிட்டுச் செய். டாக்டர் யோசித்தாரோ இல்லையோ, பொதுவிதி ஆகிவிட்டது! அரசியல்வாதிகள் அயல்நாட்டோடு சண்டை போடுவதைவிடத் தங்களுக்குள் குத்திக்கொள்வதே லாபம் என்று நிரூபித்ததற்காக, 1995ல் தைவான் நாடாளுமன்றத்துக்கே கிண்டல் நோபலான இக் நோபல் கொடுத்தார்கள். அதுவும் சமாதானப் பிரிவில்! 2006ல் வாங் ஷூ ஹுவே என்ற பெண் உறுப்பினர், எதிர்த்தரப்பின் தீர்மானத்தைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார். துப்ப வைக்க அவர் முடியைப் பிடித்து இழுத்தார்கள். 2020ல் அமெரிக்கப் பன்றி இறைச்சி இறக்குமதியை எதிர்த்துப் பன்றிக் குடல் பறந்தது. 2024 மேயில் குவோ குவோ வென் மசோதா காகிதங்களைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடியேவிட்டார்.

இவ்வளவும் நடக்கிற கட்டடம் ஜப்பானியர் காலத்தில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியாக இருந்தது. அங்கே ஒரு பெண் பெஞ்சு மேல் ஏறியிருந்தால் அந்த ஜப்பானிய டீச்சர் என்ன பாடு படுத்தியிருப்பார்!