உயிருக்கு 150 சொல்

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன் புனே கல்யாணி நகரில் ஒரு போர்ஷே கார் மோட்டார் சைக்கிளை அடித்துத் தூக்கியது. அதில் வந்த இரண்டு இளம் பொறியாளர்கள் செத்துப்போனார்கள். ஓட்டிய பையனுக்கு வயது பதினேழு. பதினைந்தே மணி நேரத்தில் இளைஞர் நீதிக் குழுமம் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை. உயிருக்கு 150 சொல் வருகிறது. முன்னுரை, முடிவுரை கழித்தால் இன்னும் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை நம் நாட்டில் நீதி தூங்கும் என்று எவனோ புரளி கிளப்பி வைத்திருக்கிறான். 2022 கணக்குப்படி சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்கெல்லாம் கட்டுரை எழுதக் காகிதம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பையனின் குடும்பப் பாங்கையும் சொல்ல வேண்டும். பழியை நீ ஏற்றுக்கொள் என்று அப்பாவும் தாத்தாவும் டிரைவரை நெருக்கினார்கள் என்பது போலீஸின் குற்றச்சாட்டு. அரசு ஆஸ்பத்திரியில் பையனின் ரத்தத்தைக் கொட்டிவிட்டு அம்மாவின் ரத்தத்தை வைத்தார்கள் என்பது இன்னொன்று. பிள்ளைக்கு ஒன்றென்றால் ரத்தம் கொடுக்காத தாய் உண்டா? மகாராஷ்டிரத்தில் மது குடிக்க 25 வயது ஆகியிருக்க வேண்டும். பதினேழுக்கு பாரில் ஊற்றிக் கொடுத்தார்கள். கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள காருக்கு நம்பர் கிடையாது. 1,758 ரூபாய் கட்டணம் கட்டவில்லையாம். பாவம், கையில் சில்லறை இல்லாமல் இருந்திருக்கும்.

அந்தப் பையனைத் தூக்கில் போடு என்று நான் கேட்கவில்லை. சிறுவனைச் சிறுவனாகப் பார், திருத்தி அனுப்பு என்கிற சட்டம் நல்ல சட்டம். அது யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அதே புனே, 1994. ஒரே வீட்டில் ஏழு பேர் கொலை, அதில் ஒரு கர்ப்பிணி, இரண்டு குழந்தைகள். கொடூரம், அதில் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பிடிபட்டவர்களில் ஒருவன் ராஜஸ்தான்காரன். 1998-ல் தூக்குத் தண்டனை. 2000-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு 2023 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, சம்பவத்தன்று அவனுக்குப் பன்னிரண்டரை வயதுதான் என்று ஒப்புக்கொண்டு விடுதலை செய்தது. தூக்குத் தீர்ப்பைக் கேட்டபோதுகூட அவனுக்குப் பதினாறுதான். சிறுவர் சட்டப்படி அதிகபட்சம் மூன்று வருஷம். வட்டி போட்டு 28 வருஷமாக வசூலித்துவிட்டார்கள். ஒருவனுக்கு அவன் குழந்தை என்று கண்டுபிடிக்கப் பதினைந்து மணி நேரம்கூட ஆகவில்லை. இன்னொருவனுக்குக் கால் நூற்றாண்டு போதவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2012 டெல்லி பாலியல் வன்கொடுமைக் கொலைக்குப் பிறகு நாடே கொதித்தது. குற்றவாளிகளில் ஒருவன் பதினெட்டுக்குக் கீழே என்பதால் மூன்று வருஷத்தில் வெளியே வந்தான். அந்தக் கொதிப்பில் பிறந்தது 2015 சட்டம்: பதினாறு தாண்டியவன் ‘கொடிய குற்றம்’ செய்தால் பெரியவனாக நிறுத்தி விசாரிக்கலாம். எது கொடியது? குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம் என்று எழுதியிருந்தால் கொடியது. அதிகபட்சம் எவ்வளவு இருந்தாலும், குறைந்தபட்சம் எழுதவில்லையென்றால் அது ‘கடுமையான குற்றம்’ மட்டும்தான் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதுவும் டெல்லியில் மெர்சிடிஸ் ஓட்டி ஒருவரைக் கொன்ற பையனின் வழக்கில்தான். வாகன வரிசையும் ஒழுங்காகத்தான் போகிறது.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். குப்பத்துப் பையன் கத்தியைக் காட்டி ஒரு செல்போனைப் பறிக்கிறான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் பயங்கர ஆயுதத்தோடு வழிப்பறி, குறைந்தது ஏழு வருஷம். ஆகவே கொடியது, அவனைப் பெரியவனாக்கலாமா என்று உட்கார்ந்து யோசிப்பார்கள். குடித்துவிட்டுக் காரோட்டி இரண்டு பேரைக் கொன்றதற்கோ, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று வழக்குப் போட்டாலும், குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. ஆகவே கடுமையானது மட்டுமே. போர்ஷே பையனைப் பெரியவனாக விசாரிக்கக் கேட்ட போலீஸின் மனுவை 2025 ஜூலையில் குழுமம் தள்ளியது. சட்டப்படி அது சரி. அப்படிச் சரியாக இருப்பதுதான் எனக்கு ஆத்திரம். ஊரே கூடித் தெருவில் கத்தி எழுதவைத்த சட்டம், கத்தியைப் பிடிக்கிறது. ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்கிறது.

ஆகவே பதினாறு தாண்டிய தம்பிகளே, கத்தியைத் தொடாதீர்கள். அப்பாவிடம் கார் கேளுங்கள், நம்பர் இல்லாததாக. அப்பாவிடம் கார் இல்லையென்றால், பள்ளிக்கூட டி.சி.யையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு வருஷம் கழித்து யாராவது கேட்பார்கள்.