அனைவருக்குமான பூங்காவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: வரி பாக்கி இல்லாத ஒரு குடிமகன்.
பெறுநர்: உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்.
பொருள்: உள்ளூர்க் கட்டடக்கலை மரபில் 'அனைவருக்குமான விளையாட்டுத் திடலும் பொதுச் சதுக்கமும்' அமைத்துத் தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: திறப்பு விழாவுக்கு ஊரெங்கும் ஒட்டிய சுவரொட்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

சுவரொட்டியில் 'அனைவருக்கும்' என்று போட்டிருந்ததால், அந்த அனைவரில் நானும் ஒருவன் என்ற உரிமையில் பூங்காவைச் சுற்றிப் பார்த்தேன். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. நிறைகளை மட்டும் எழுதுகிறேன்.

நுழைவாயிலில் கோபுர வடிவச் சிமெண்ட் வளைவு, இரண்டு பக்கமும் யாளி. பழைய சிற்பிகள் யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்து வைத்தார்கள். தங்கள் ஒப்பந்ததாரர் எல்இடி பல்பு வைத்திருக்கிறார். வளைவுக்குக் கீழே நெருக்கமாக இரும்புக் குழாய்களை நட்டிருக்கிறீர்கள். பைக் உள்ளே வரக் கூடாது என்பதற்காக என்றார் காவலாளி. பைக்காரர்கள் பக்கத்து நடைபாதையில் ஏற்றி வந்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு வெளியே நிற்கிறது.

குழாய்களைத் தாண்டினால் படிகள். பக்கத்திலேயே சாய்தளமும் உண்டு. சட்டத்தை மதிக்கும் நிர்வாகம் அல்லவா! ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. தங்கள் சாய்தளம் ஒன்றரை அடி உயரத்தை ஐந்தே அடியில் ஏறி முடித்துவிடுகிறது. பதினெட்டு அடி பிடித்திருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று அடி மிச்சம். மிச்சமான இடத்தில் திறப்பு விழாக் கல்வெட்டு.

அந்தக் கல்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்வையற்றவர்களுக்காக மஞ்சள் நிறத்தில் மேடு வைத்த ஓடுகள் பதித்திருக்கிறீர்கள். கோடு இருந்தால் நேரே நட, புள்ளி இருந்தால் நில் என்று அர்த்தம். வாசலில் தொடங்கும் கோடு எங்கும் வளையாமல் நேராகப் போய்க் கல்வெட்டில் முட்டுகிறது. நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. இந்த ஊரில் கண் தெரியாத ஒருவர் முதலில் தடவிப் பார்க்க வேண்டியது கவுன்சிலர்களின் பெயர்களைத்தான் என்று தாங்கள் முடிவு செய்தது எனக்குப் புரிகிறது. பிரெய்லில் பொறித்திருந்தால் அவருக்கும் புரிந்திருக்கும்.

சதுக்கம் முழுக்க ஆத்தங்குடித் தரைக்கல். செட்டிநாட்டில் கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து எடுக்கும் கல் அது. அந்தக் கண்ணாடிதான் அதற்கு மினுமினுப்பைக் கொடுக்கிறது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்க அதைப்போலச் சுகம் வேறில்லை. அதைக் கூரையில்லாத வெளியில் பரப்பிவிட்டதால், ஐப்பசி மழை பெய்த மறுநாள் ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, இல்லாதவர்களும் சமமாக விழுகிறார்கள். 'அனைவருக்கும்' என்ற சொல்லுக்குத் தாங்கள் முழுதாக நியாயம் செய்திருப்பது இந்த ஓரிடத்தில்தான்.

விளையாட்டுத் திடலின் ஒரு மூலையில் இடுப்பளவு கம்பிவேலி. 'மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு மட்டும்' என்று பலகை. வேலிக்கு ஒரு பூட்டு, சாவி காவலாளியிடம், காவலாளி டீக்கடையில். சாவி வந்து திறந்தாலும் அக்கா உள்ளே, தம்பி வெளியே. சக்கர நாற்காலியோடு ஏற்றும் ஊஞ்சல் ஒன்று அங்கே தனியாக நிற்கிறது. அதில் ஏறும் குழந்தைக்குத் துணை அதன் அம்மா மட்டும்தான். வீட்டிலும் அவர்தான் துணை. இதற்குப் பதிலாக நடுத்திடலில் கூடை ஊஞ்சல் ஒன்று போட்டிருக்கலாம். உட்காரத் தெரிந்த பிள்ளையும் உட்கார முடியாத பிள்ளையும் ஒன்றாகப் படுத்து ஆடும் ஊஞ்சல் அது. மணலை மேசை உயரத்துக்குத் தொட்டி கட்டிக் கொட்டியிருந்தால், சக்கர நாற்காலிப் பிள்ளையும் மற்ற பிள்ளைகளும் எதிரெதிரே இருந்து வீடு கட்டியிருப்பார்கள். இதற்கெல்லாம் வேலியும் வேண்டாம், பலகையும் வேண்டாம். திறந்துவைக்கத் தனியாக ஒரு நாடா வெட்ட முடியாது என்பதுதான் இதிலுள்ள ஒரே சிரமம்.

சறுக்குமரம் பிளாஸ்டிக். செவித்திறன் இல்லாத குழந்தைகளுக்கு இந்த மாநிலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். பிளாஸ்டிக்கில் சறுக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் அந்தக் கருவியின் அமைப்புகளைக் கலைத்துவிடக்கூடும் என்பதால், காதுக்கு வெளியே உள்ள பகுதியைக் கழற்றி வைத்துவிட்டுச் சறுக்கச் சொல்கிறார்கள். அரசாங்கத்தின் ஒரு கை கேட்க வைக்கிறது. இன்னொரு கை, 'விளையாட வந்தால் கேட்காமல் இரு' என்கிறது. போகட்டும், தகரச் சறுக்கு போடாததற்கு நன்றி. நுழைவாயில் வளைவை மறைக்கிறது என்று அங்கிருந்த வேப்பமரத்தை வெட்டிய பிறகு, சித்திரை வெயிலில் தகரத்தில் எந்தப் பிள்ளையும் உட்கார்ந்திருக்க முடியாது.

மரபைப் பற்றி இத்தனை பேசும் தங்களுக்குச் சுமைதாங்கிக் கல் தெரியாமல் இருக்காது. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாகப் பாதையோரம் நட்டு வைப்பார்கள். நிற்க இரண்டு கல், குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், குனியாமல் பாரத்தை நகர்த்தி வைக்கத் தோதான உயரம். அந்த உயரத்தைச் சொன்னது சுமக்கிறவரின் உடம்பு. கலெக்டர் அலுவலகத்துச் சுற்றறிக்கை அல்ல. பக்கத்தில் மாடு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரிஞ்சு கல். முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. மாட்டுக்கு எங்கே அரிக்கும் என்று யோசித்துக் கல் நட்டவர்களின் கட்டடக்கலை அது. தாங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது யாளியை.

திண்ணையையும் எடுத்திருக்கிறீர்கள்: முதுகுச்சாய்வு இல்லாத, கைப்பிடி இல்லாத, நிழல் இல்லாத ஒரு கிரானைட் பலகை. பழைய திண்ணைக்கு மேலே கூரை இருந்தது, சாயத் தூண் இருந்தது. தலைவைத்துப் படுக்கச் சாய்மானம் கட்டிய திண்ணைகளும் உண்டு. ஆனால் அந்தத் திண்ணை எல்லோருக்கும் கிடைத்ததில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தச் சாதிக்காரர் எந்தத் தெருவில் எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்று அன்றைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி இருந்தது. பழமையில் நிழலும் இருந்தது, விலக்கும் இருந்தது. நிழலைக் கழித்துவிட்டு விலக்கை மட்டும் கம்பிவேலியாகப் புதுப்பித்திருப்பதால், இது உண்மையிலேயே மரபுப் பூங்காதான்.

இத்தனையும் யாரையும் கேட்காமல் நடந்ததாகச் சொல்ல மாட்டேன். கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினீர்கள். நகராட்சி அலுவலகத்தின் மாடியில், லிஃப்ட் இல்லாத மாடியில். சைகைமொழிபெயர்ப்பாளரும் இல்லை. 'ஆட்சேபணை எதுவும் வரவில்லை' என்று தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதாம். எப்படி வரும், ஐயா?

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்கென்று மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதை உடைத்தது, பிறகு சரிசெய்தார்கள். அதைப் பயன்படாமல் செய்ய ஒரு புயல் தேவைப்பட்டது. நம் பூங்காவுக்குத் திட்ட வரைபடமே போதுமானதாக இருந்திருக்கிறது.

இனி விண்ணப்பம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக் கூடாது என்கிறது அதன் 44-ஆம் பிரிவு. மீறினால் முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளில் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை அபராதம் என்கிறது 89-ஆம் பிரிவு. இவ்விதிகள் வெறும் பரிந்துரையாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆகவே, ஒப்பந்ததாரரின் கடைசிப் பில்லில் கையெழுத்துப் போடும் முன், தாங்களும் பொறியாளரும் ஆளுக்கொரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் தள்ளாமல் வாசலிலிருந்து ஊஞ்சல் வரை ஒருமுறை போய் வாருங்கள். போக முடிந்தால் பணத்தைக் கொடுத்துவிடலாம். முடியாவிட்டால் குழாய்களை அகட்டி, சாய்தளத்தைப் பதினெட்டு அடிக்கு நீட்டி, வேலியைப் பிடுங்கி, வேம்பு நட்டுத் தரும்வரை பில்லை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள குடிமகன்.

நகல்: காவலாளி அவர்களுக்கு, சாவியைப் பூட்டிலேயே விட்டுவைக்க வேண்டி.