முன்னால் எத்தனை பேர்?

டில்லி புசா ரோட்டுப் பக்கம் குடியிருந்துகொண்டு பிள்ளையை ஜேஇஇ எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வு எழுத வைக்காவிட்டால், பால்காரர்கூட ஒரு மாதிரிப் பார்ப்பார். கரோல் பாக் மெட்ரோவிலிருந்து ராஜேந்திரா பிளேஸ் வரை நடந்தால் காய்கறிக் கடையைவிட கோச்சிங் சென்டர்தான் அதிகம் கண்ணில் படும். போன வருஷம் ரேங்க் வாங்கியவர்கள் போர்டுகளில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

ஜனவரி செஷன் ரிசல்ட் வந்தது. முந்நூறுக்கு என் பையன் கணக்குப் போட்டு வைத்திருந்தது 128. எதிர்வீட்டுப் பெண் 141. அன்று காலை லிஃப்டைத் தவிர்த்துப் படியில் இறங்கினேன். சாயங்காலம் பெர்சென்டைல் பார்த்தால் பையனுக்கு 97.2, அவளுக்கு 96.8! லிஃப்டிலேயே ஏறினேன், இரண்டு தடவை.

எதிர்வீட்டு மாமா ஆடிட் ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவர். கூட்டல் தப்பைப் பொறுக்க மாட்டார்.

"ஏன் சார், 128 பெரிசா, 141 பெரிசா?"

"ஷிஃப்டைப் பொறுத்தது சார்."

அவள் காலை ஷிஃப்ட், இவன் மத்தியானம். மத்தியானக் கேள்வித்தாள் கடினம். இப்படி ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வேறுபடும் என்பதால் 2019லிருந்து ஒவ்வொரு ஷிஃப்டையும் தனித்தனியாக எடுக்கிறார்கள். அந்த ஷிஃப்டில் உன் மார்க்கோ அதற்குக் குறைவோ வாங்கியவர்கள் எத்தனை பேர், அந்த எண்ணை ஷிஃப்டில் எழுதினவர்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கு. ஆட்களைக் கலந்துகட்டி ஷிஃப்டுகளில் போடுவதால், கெட்டிக்காரர்களும் என் மாதிரி ஆட்களும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பார்கள் என்பது நம்பிக்கை. விடையை ஏழு தசம ஸ்தானம் வரை கொடுக்கிறார்கள். பாங்க் ஸ்ட்ரீட் நகைக்கடைத் தராசு பிச்சை வாங்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் 36 வாங்கியவன் நான். பையன் விஷயத்தில் கணக்கு நமக்குச் சாதகமாக வந்துவிட்டதால் புள்ளியியல் பேராசிரியரே ஆகிவிட்டேன். "ஒரு ஷிஃப்டில் ஒரே ஒருத்தன் எழுதினான்னு வைங்க சார். பூஜ்யம் வாங்கினாலும் அவனுக்கு 100 பெர்சென்டைல்!"

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் உங்க பையன் கதவைச் சாத்திண்டு தனியா படிக்கிறானா?"

அதோடு விட்டிருக்கலாம். மன்னார்குடிக்குப் போன் போட்டு அம்மாவிடமும் 97 என்று அளந்தேன்.

"அவனுக்கு முன்னாடி எத்தனை பேருடா?"

"பின்னாடி 97 சதவீதம் பேர்மா."

"பின்னாடி நிக்கறவனை யார் கேட்டா? முன்னாடி எத்தனை?"

ரேங்க் ஏப்ரல் செஷன் முடிந்துதான் சொல்வார்கள். எழுதியது சுமார் 12 லட்சம் பேர் என்று நானே பேப்பரில் போட்டுப் பார்த்தேன். முன்னால் இருப்பது 2.8 சதவீதம் என்றால் 33,600. ஐஐடி 23ஐயும் சேர்த்தாலே இடங்கள் சுமார் 18 ஆயிரம்தான் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. 33,600ஐ மட்டும் சொன்னேன்.

"பந்தியில இத்தனை பேர் முன்னாடி உட்கார்ந்தா நமக்குப் பாயசம் வருமாடா?"

ஏப்ரலில் இருவரும் மறுபடி எழுதுகிறார்கள். இரண்டில் எது நல்ல ஸ்கோரோ அதுதான் கணக்கு. இந்தத் தடவை இருவருக்கும் ஒரே நாள், ஒரே ஷிஃப்ட். ஒளிய இடமில்லை. ரிசல்ட் வாரத்தில் ஊரில் இருந்துவிடலாம் என்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டேன். வெயிட்டிங் லிஸ்ட் 41. எனக்குப் பின்னால் எத்தனை பேர் தவிக்கிறார்கள் என்று சொல்லி ரயில்வே என்னைக் குளிப்பாட்டவில்லை. முன்னால் 40 பேர், அவ்வளவுதான். பரீட்சை நடத்துகிற மகானுபாவர்கள் ஒரு தடவை புது டில்லி ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுன்ட்டரில் வந்து நின்று பார்க்க வேண்டும். அம்மாவுக்குப் பதில் சொல்ல எனக்குச் சௌகரியமாக இருக்கும்.