இருபது வருஷமாக ‘விலை அதிகம்’ என்று சொல்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ‘பிராய்’. கொல்லைப்புறத்தில் விறகை எரித்துத் தணலாக்கி, அதில் இறைச்சி வாட்டும் விருந்து. இடுக்கி யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததே அங்கே சட்டம். அடுத்தவர் மூட்டிய தணலில் கை வைப்பது பெரிய அவமரியாதை. அதனால், கேப்பிடெக் வங்கிப் பங்கைப் பற்றி வாதாட ஆசைப்படுகிறவர் முதலில் எடுக்க வேண்டியது இடுக்கி. ஆண்டறிக்கை அப்புறம். காரணம் போகப் போகப் புரியும்.

அடுத்தது, கட்சி சேர்வது. இதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். பங்கு கையில் இருந்தால் நீங்கள் ஆதரவுக் கட்சி. இல்லையென்றால் எதிர்க்கட்சி. முன்பு வைத்திருந்து, கொஞ்சம் லாபம் கண்டதும் விற்றுவிட்டு, பிறகு அது பல மடங்கு ஏறியதை வேலியோரம் நின்று பார்த்தவர் என்றால் நீங்கள்தான் எதிர்க்கட்சித் தலைவர். அந்த நாற்காலிக்குப் போட்டியே கிடையாது. வாராக்கடன், வட்டி விகிதம், மூலதன விகிதம் எல்லாம் கட்சி முடிவான பிறகு தேடிக்கொள்ள வேண்டியவை.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் விலையை ராண்டில் போடமாட்டார்கள், சென்ட்டில் போடுவார்கள். 3,000 ராண்ட் பங்கு திரையில் 300000 என்று நிற்கும். “மூன்று லட்சமா!” என்று வாய் பிளந்துவிட்டால் அன்று முழுக்க உங்களுக்கு வெங்காயம் உரிக்கிற வேலைதான். மனத்துக்குள் இரண்டு சுழியை அடித்துவிட்டு, முகத்தை லேசாகச் சுளித்து, “விலை அதிகம்” என்று சொல்லுங்கள்.

இந்த இரண்டு சொல்லை வைத்தே காலம் தள்ளியவர்கள் இருக்கிறார்கள். கேப்பிடெக் சந்தைக்கு வந்தது 2002 பிப்ரவரியில். சாம்பௌ வங்கி கவிழ்ந்து நிர்வாகியின் கைக்குப் போனதும் அதே மாதம்தான். சின்ன வங்கி என்றாலே ஜனங்கள் பயந்து ஓடிய நேரம். ஒருகாலத்தில் மதுபானக் கம்பெனி நடத்திய மிகீல் லெ ரூ, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஸ்டெல்லன்போஷிலிருந்து ஆரம்பித்த வங்கி. பங்கு சில ராண்டுக்குக் கிடைத்தது. அப்போதும் அதிகம். நூறு ராண்ட் ஆனபோது அதிகம். ஆயிரமானபோது ரொம்ப அதிகம். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்ததே, அப்போது ‘மலிவு’ என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. அப்போது சொல்ல வேண்டியது, “இன்னும் இறங்கும்.” 2024-இல் 3,000 ராண்டைத் தாண்டியதும் பழைய பல்லவிக்கே திரும்பிவிடலாம். ஆதாரமும் கைவசம் உண்டு. லாபத்தைப்போல் எத்தனை மடங்கு விலை என்று பார்த்தால், ஸ்டாண்டர்ட் பேங்க், நெட்பேங்க் மாதிரியான பழைய வங்கிகளைவிட இது பல வருஷமாக இரண்டு மடங்குக்கும் மேல். கணக்கில் பிழையே இல்லை. அந்தக் கணக்கு ஒரு சென்ட்கூடச் சம்பாதித்துத் தரவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் ஆதரவுக் கட்சிக்காரர் சிரிப்பார். அவர் வாயை அடைக்க ஒரு மந்திரம் இருக்கிறது. குரலைத் தாழ்த்தி, தணலைப் பார்த்தபடி சொல்ல வேண்டும்: “ஆப்பிரிக்கன் பேங்க்.”

சிரிப்பு நின்றுவிடும். நிற்க வேண்டியதுதான். அடமானம் இல்லாமல் சம்பளக்காரர்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி அது. 2008-இல் எல்லரைன்ஸ் என்ற மரச்சாமான் கடை நிறுவனத்தை வாங்கியது. கட்டிலையும் சோபாவையும் விற்று, அதற்குக் கடனையும் தானே கொடுத்துவிடலாம் என்று திட்டம். கடைகள் நஷ்டத்தில் விழுந்தன, கடன் வாங்கியவர்கள் தவணை கட்ட முடியாமல் நின்றார்கள். 2013 கடைசியில் பங்குதாரர்களிடமே 550 கோடி ராண்ட் திரட்டினார்கள். கொடுத்தவர்களில் பழம் தின்று கொட்டை போட்ட நிதி மேலாளர்களும் உண்டு. பெரிய ஃபண்டுகளே வைத்திருக்கும்போது நமக்கென்ன என்று சின்ன முதலீட்டாளரும் பின்னாலேயே போனார். 2014 ஆகஸ்ட் 6, புதன்கிழமை. குறைந்தது 640 கோடி ராண்ட் நஷ்டம் வரும், இன்னும் 850 கோடி மூலதனம் வேண்டும் என்று அறிவிப்பு. வங்கியை நடத்திவந்த லியான் கிர்கினிஸ் விலகினார். 6 ராண்ட் 88 சென்ட்டில் இருந்த பங்கு வெள்ளிக்கிழமை மாலை 31 சென்ட். ஞாயிற்றுக்கிழமை ரிசர்வ் வங்கி கவர்னர் கில் மார்கஸ், வங்கி நிர்வாகியின் பொறுப்புக்குப் போகிறது என்று அறிவித்தார். புதன் முதல் வெள்ளி வரை அந்த மூன்று நாளும் பங்கு கைமாறிக்கொண்டுதான் இருந்தது. விற்றவர் ஒருவர் இருந்தால் வாங்கியவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். இரண்டு ராண்டில் வாங்கி, ஒரு ராண்டில் மறுபடி வாங்கி ‘ஆவரேஜ்’ செய்த அந்தப் புண்ணியவான்கள் இன்றைக்கும் எந்த பிராயிலும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கேப்பிடெக்கும் அடமானமில்லாக் கடன் கொடுத்தே வளர்ந்தது. ஆகவே ஒப்பிடலாம். ஒரே ஒரு சங்கடம்: ஆப்பிரிக்கன் பேங்க் பெரிய முதலீட்டாளர்களிடம் கடன் பத்திரம் விற்று ஓடியது, கேப்பிடெக் சாதாரண ஜனங்களின் சேமிப்பிலும் கணக்குக் கட்டணத்திலும் ஓடுகிறது. இதை வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். வாதம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், இறைச்சி வேக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அதற்குப் பதில், அதே ஆகஸ்டில் மூடிஸ் நிறுவனம் கேப்பிடெக்கின் கடன் தரத்தையும் இரண்டு படி இறக்கியதே, அதைச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி அந்த முடிவை ஏற்கவில்லை என்பதைச் சொல்வது எதிராளியின் வேலை. எல்லாவற்றையும் நாமே செய்ய முடியுமா?

இப்படிப் பாதி பாதியாகச் சொல்லும் கலைக்கென்றே வாய்த்த நாள் 2018 ஜனவரி 30. ஸ்டைன்ஹாஃப் நிறுவனத்தின் கணக்கு மோசடியைப் பற்றி எழுதிப் பேர் வாங்கியிருந்த ‘வைஸ்ராய்’ என்ற மூன்று பேர் குழு, கேப்பிடெக்கைக் கந்துவட்டிக்காரர் என்று சாடி அறிக்கை விட்டது. பங்கு சில மணி நேரத்தில் கால்வாசி விலையை இழந்தது. வங்கி திடமாக இருக்கிறது என்று ரிசர்வ் வங்கி சொன்னதும் ஏறி, நாள் முடிவில் சுமார் 3 சதவீத இறக்கத்தோடு நின்றது. 2021-இல் நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையம் வைஸ்ராய்க்கு 5 கோடி ராண்ட் அபராதம் போட்டது. மறு வருஷம் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. ஆணையத்துக்கு அவர்கள்மேல் அதிகார வரம்பு இல்லை என்பது காரணம். அபராதம் ஆதரவுக் கட்சிக்கு. ரத்து எதிர்க்கட்சிக்கு. காரணம் யாருக்கும் வேண்டாம்.

சில்லறை ஆயுதங்களும் தேவைப்படும். லாபம் முந்தைய வருஷத்தைவிட 20 சதவீதமாவது கூடும் அல்லது குறையும் என்று தெரிந்தால் நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது அந்தச் சந்தையின் விதி. அறிவிப்பு வந்தால், “இதெல்லாம் விலையில் எப்போதோ ஏறிவிட்டது.” வராவிட்டால், “பார்த்தீர்களா, வளர்ச்சி நின்றுவிட்டது.” ரெப்போ வட்டி ஏறினால் ஜனங்கள் கடனைக் கட்டமாட்டார்கள், இறங்கினால் வங்கியின் வட்டி வருமானம் போய்விடும்.

“அவ்வளவு விலைக்கு யாரால் வாங்க முடியும்” என்ற பழைய சாக்கு மட்டும் இனி செல்லாது. ஈஸிஈக்விட்டீஸ் செயலியில் 50 ராண்டுக்குக்கூட ஒரு பங்கின் துணுக்கை வாங்கலாம். அப்படியொரு துணுக்கு வைத்திருக்கும் கல்லூரிப் பையன் “எங்கள் வங்கி” என்று ஆரம்பிப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனிடம் ஜாக்கிரதையாகவும் இருங்கள். வாதம் நன்றாகச் சூடேறி, நீங்கள் மூன்றாம் முறையாக ஆப்பிரிக்கன் பேங்கைத் தோண்டி எடுக்கும் நேரம் பார்த்து, “அது சரி மாமா, உங்கள் சம்பளம் எந்த வங்கியில் விழுகிறது?” என்று கேட்பான். கேப்பிடெக் அட்டை உங்கள் சட்டைப்பையில் இருக்கும். கட்டணம் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகூடத் திறந்திருக்கும் கிளைகள் உண்டு என்று நீங்களே உங்கள் மனைவியிடம் பெருமையடித்திருப்பீர்கள். அவரும் பக்கத்திலேயே நிற்பார்.

இடுக்கி கையில்தானே இருக்கிறது? குனிந்து இறைச்சியைத் திருப்பிப் போடுங்கள்.