கிட்டார்த் தலையில் ஆறு துளை: தேயிலை மலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1867இல் இலங்கையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அன்றிலிருந்து தேயிலையை ஒட்டிப் பிழைத்த எந்த இசைக்கருவிக்கும் சுருதி சேர்க்கத் துளை தேவைப்பட்டதில்லை. இதுவே இக்கட்டுரையின் துணிபு. சான்றுகள் இரண்டு.

முதலாவது, தப்பு. விடியுமுன் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, எழுப்பியதும் அதுதான், மாசியில் காமன் கூத்துக்கு முழங்குவதும் அதுதான். ஹட்டன் பக்கத்து மூடுபனியில் தோல் தொய்ந்துவிட்டால் சருகைக் கொளுத்தி அனலில் காட்டுவார்கள். விரலால் ஒரு தட்டு, மறுபடி அனல், மறுபடி தட்டு. திருக ஒன்றுமில்லை, எனவே துளைக்கவும் ஒன்றுமில்லை. இரண்டாவது, தேயிலைப் பெட்டி. 1957 ஜூலை 6இல் லிவர்பூலின் வூல்டன் தேவாலய விழாவில் ஜான் லெனனின் குவாரிமென் குழு வாசித்தபோது, அடிநாதம் கொடுத்தது கவிழ்த்துப்போட்ட ஒரு தேயிலைப் பெட்டி. அதில் ஒரு கழி, ஒரு கயிறு. கழியைச் சாய்த்தால் சுருதி இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். அந்தப் பெட்டி நமது மலையிலிருந்து போனதா என்பதை விசாரிப்பது ஆய்வின் உற்சாகத்தைக் கெடுக்கும். இரண்டே சான்றில் ஒரு விதி எழுதலாமா என்று கேட்பவர்கள் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் படித்ததில்லை.

பிறகு கிட்டார் வந்தது. தேவாலயப் பாட்டு, பைலா, நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசை என்று பல வழியாக அது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைந்தது. நுழைந்ததோடு நிற்காமல், தந்தியை முறுக்கும் கீகளுக்கென்று தலையில் ஆறு துளையும் கேட்டது.

கிட்டார்த் தலைகள் இருவகைப்படும். ஆறு கீயும் ஒரே பக்கம் நிற்பது ஒற்றை லயம். மூன்றுக்கு மூன்றாக முதுகு காட்டி நிற்பது இரட்டை லயம். முன்னதை 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் ஸ்டவுஃபர் செய்தார், 1950களில் ஃபெண்டர் ஊரறியச் செய்தது. பின்னது கிப்சன் வழக்கம். ஒற்றை லயத்தில் ஒவ்வொரு தந்தியும் நேரே தன் வாசலுக்குப் போகும். இரட்டை லயத்திலோ நடுவிலுள்ள டி, ஜி தந்திகள் வளைந்து விலகித்தான் போயாக வேண்டும். சுருதி அடிக்கடி கலைவதில் அதற்கும் பங்குண்டு.

மரம், நிழலுக்கு நட்ட சவுக்கு, அதாவது ஆஸ்திரேலியக் கிரெவில்லியா. அழகான வரி, ஆனால் சிலாம்பு பெயரும். மழைக்காலத்து ஈரத்தோடு துளைத்தால், காயும்போது மரம் குறுக்கே அதிகமாகச் சுருங்கி வட்டத்தை நீள்வட்டமாக்கும். ஆகவே அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் சில மாதம் கிடக்கட்டும்.

துளைகள் ஒரே கோட்டில் அமைய, கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பே போதும். ஏழு அங்குலத் தலைக்கு அவ்வளவு நீளக் கம்பு எதற்கு என்று தச்சு பாஸ் சிரிக்கலாம், சிரிக்கட்டும். ஆறில் ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால் மேடையில் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியும்.

அளவில்தான் குடும்பங்கள் பிரிகின்றன. மூடிய வகைக் கீக்கு 10 மில்லிமீட்டர் துளை. பழைய மாதிரிக்கு 9க்குச் சற்றுக் குறைவு, அதில் ஓர் உலோக வளையத்தை இறுக்கிச் செருக வேண்டும். கீயை வாங்கி அளந்த பிறகு துளைப்பவர் சிறுபான்மை. துளைத்துவிட்டுக் கண்டிக்குப் போய்க் கீ தேடுபவரே பெருந்திரள்.

துளைக்கும் முறையில் இரு பள்ளிகள். ட்ரில்காரர்கள் ஊசியால் குறிவைத்து, மெல்லிய பிட்டால் வழி திறந்து, பின்னால் கழிவுப்பலகை ஒன்றை இறுக்கிக் கட்டி, முன்பக்கமிருந்து இறங்குவார்கள். பலகை இல்லாவிட்டால் கடைசி நாருக்கு அண்டக்கொடுக்க எதுவுமில்லாமல் முதுகுப்பக்கம் பிய்ந்துவிடும். ட்ரில் சாய்கிறதா என்று மூலைமட்டத்தோடு பக்கவாட்டில் ஒருவர் குந்தியிருக்க வேண்டும். தம்பிகள் பிறந்தது இதற்காகவே என்று இப்பள்ளி கருதுகிறது. மற்றொன்று கம்பிப் பள்ளி: இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் இறக்குவது. செலவில்லை. ஆனால் கருகிய விளிம்பு கீயைப் பிடிக்காது, ஆட்டம் கொடுக்கும்.

எஞ்சியது பின்பக்கத் திருகாணி. ஆறில் ஒன்று தலை ஒடியும்; அது எந்த ஆறாவது என்பதே மர்மம். முன்துளை போட்டு, திருகாணியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் ஒடியாது. சவர்க்காரமும் உதவும், ஆனால் ஈரம் இழுக்கும். மின்வெட்டுக்கென்று அம்மா எடுத்துவைத்த மெழுகுவர்த்தியைத் தொடுவதால் நேரும் விளைவுகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.